ரெண்டு கிலோ ஷ்வேஷ்வே பிட்டு மூட்டை: வாங்கினேன், பிரிச்சேன், தச்சேன்

போன வருஷம் மே மாசம் இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு துணிக்கடையில பிட்டுத் துணி மூட்டை வாங்குனேன், ரெண்டு கிலோ 180 ரேண்ட். டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட்னு பேர் மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா எங்க ஏரியா பெரியவங்க வாயில இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். மீட்டர் கணக்குல வெட்டி வித்தது போக மிஞ்சுற ஓரம், துண்டு துக்காணி எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில அமுக்கிக் கட்டி வச்சிருப்பாங்க, பிரிச்சுப் பாக்க விடமாட்டாங்க, வெளியில தெரியற கலரை வச்சுத்தான் எடுக்கணும். அதுல ஸ்ட்ரிங் குயில்ட்ங்கிற ஒட்டுத்துணிப் போர்வை ஒண்ணு தச்சு முடிச்சு இந்தக் குளிர் முழுக்க போத்தி நாலு வாட்டி துவைச்சும் பாத்துட்டேன், அதனால இப்ப தைரியமா எழுதறேன்.

ஊர்ல இருக்கிறவங்களுக்காக ஷ்வேஷ்வே என்னன்னு சொல்லிடறேன். சுத்தமான காட்டன், 90 சென்டிமீட்டர் அகலம்தான் வரும், கருநீலம், சாக்லேட் பிரவுன், சிவப்பு இந்த மூணு கலர்தான் பழசு, அதுல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி, பூ, கோடு. அந்த வெள்ளை மேல அச்சடிச்சது இல்ல, முதல்ல துணி முழுக்க சாயம் போட்டுட்டு அப்புறம் செப்பு உருளையில ஆசிட் தடவி உருட்டி அந்த இடத்துல மட்டும் சாயத்தை எடுத்துடுவாங்க. லெசோத்தோ ராஜா முதலாம் மோஷ்வேஷ்வேவுக்கு 1840-கள்ல பிரெஞ்சு மிஷனரிங்க இந்த மாதிரி நீலத் துணியைப் பரிசா குடுத்தாங்க, அவர் பேர்தான் துணிக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க. இங்க ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துல ஸ்வெலிட்ஷாங்கிற ஊர்ல டா காமா டெக்ஸ்டைல்ஸ்ங்கிற மில் 1982-ல இதைப் பண்ண ஆரம்பிச்சாங்க, 1992-ல மான்செஸ்டர்ல இருந்து த்ரீ கேட்ஸ்ங்கிற ஷ்வேஷ்வே மார்க்கோட உரிமையை வாங்கி அந்த செப்பு உருளைகளையே கப்பல்ல கொண்டு வந்துட்டாங்க. ஒரிஜினலுக்குப் பின்பக்கம் முத்திரை இருக்கும், புதுத்துணி அட்டை மாதிரி விறைப்பா நிக்கும், நாக்குல வச்சா லேசா உப்புக் கரிக்கும். எங்க வீட்ல கஞ்சி போட்ட காடாத் துணிதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

சரி மூட்டைக்கு வர்றேன். பிரிச்சு ஹால்ல கொட்டுனதும் மனசு நிறைஞ்சு போச்சு, முக்கால்வாசி நல்ல ஷ்வேஷ்வே, ஒண்ணரை ரெண்டு இன்ச் அகலத்துல நீள நீளமா, ஒரு சிலது அரை மீட்டருக்கு மேல. ஆனா உள்ளுக்குள்ள பாலியெஸ்டரும் கலந்து இருந்துச்சு, அதே டிசைன், அதே நீலம், பின்பக்கம் முத்திரை மட்டும் இல்ல. துண்டு துணியில எல்லாத்துலயும் முத்திரை விழுந்திருக்காது, அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. சந்தேகமா இருந்ததுல எல்லாம் ஒரு நூல் உருவி வாஷ்பேசின் மேல வச்சு தீக்குச்சி காட்டுனேன், காட்டன் காகிதம் எரியற வாசனையோட சாம்பலா உதிர்ந்துடும், பாலியெஸ்டர் உருகி நுனியில கடுகு மாதிரி கெட்டியா உருண்டுக்கும். அப்படிக் கழிச்சது மட்டும் 300 கிராமுக்கு மேல. கடையில போய் சொன்னேன், மூட்டைக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னுட்டாங்க. எனக்கு அது நிஜமாவே வருத்தம், காட்டன்னு சொல்லி வித்தா காட்டன்தான் இருக்கணும், இஸ்திரிப் பெட்டி சூட்டுல பாலியெஸ்டர் சுருங்கி பக்கத்துத் துணியையும் இழுத்துடும், அதைத் தெரியாம ஒருத்தங்க வச்சுத் தச்சா முழு வேலையும் வீண்.

ஸ்ட்ரிங் குயில்ட்னா வேற எதுக்கும் ஆகாத ஒல்லித் துண்டுங்களை ஒரு அடித்துணி மேலயோ காகிதம் மேலயோ வரிசையா தச்சுக் கட்டம் பண்றது. அடித்துணி இருக்கிறதால துண்டு நேரா இருந்தாலும் கிராஸா இருந்தாலும் இழுபடாது, அதான் இதுல பெரிய வசதி. காகிதத்துல தச்சா மெஷின்ல தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறைச்சு வைக்கணும், அப்பத்தான் கடைசியில ஸ்டாம்ப் கிழிக்கிற மாதிரி சுலபமா கிழியும், கட்டங்களை எல்லாம் இணைச்ச பிறகுதான் கிழிக்கணும். அச்சடிச்ச பேப்பர் வேண்டாம், மை வெள்ளையில ஒட்டும். நான் காகிதம் எடுக்கல, எங்கப்பாவோட பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, நூறு வாட்டி துவைச்சு வெங்காயச் சருகு மாதிரி மெலிசா ஆனது, அதுல 7 இன்ச் சதுரம் 80 வெட்டுனேன், கிழிசலை ஒதுக்கியும் மிச்சம் இருந்துச்சு.

சதுரத்துல மூலைக்கு மூலை முதல் துண்டு, நல்ல பக்கம் மேல பாக்க. அது மேல ரெண்டாவது துண்டைக் கவுத்து ஓரத்தோட ஓரம் வச்சு கால் இன்ச் விட்டுத் தச்சு, திருப்பி மடிச்சு நகத்தால ஒரு இழுப்பு இழுத்து இஸ்திரி, அப்புறம் அடுத்தது. ரெண்டு பக்கமும் மூலை வரைக்கும் இப்படியே. முக்கால் இன்ச்சுக்கு ஒல்லியா இருந்தா விட்டுடுங்க, ரெண்டு பக்கத் தையலுக்கே அரை இன்ச் போயிடும். மூலையில கடைசித் துண்டு மட்டும் ஒண்ணரை இன்ச்சாவது அகலமா இருக்கட்டும், இல்லன்னா நாலு கட்டம் சேர்ற இடத்துல தையல் மேல தையல் ஏறி முடிச்சு மாதிரி உருளும், மெஷின் ஊசியே உடையும். எல்லாக் கட்டத்துலயும் நடுத்துண்டு ஒரே கருநீலம்தான் போட்டேன், அதனால நாலு நாலா திருப்பி வச்சு இணைச்சதும் வைரம் வைரமா தானா வந்து உக்காந்துச்சு. பின்பக்கம் திருப்பி 6.5 இன்ச்சுக்கு நறுக்குனா தச்ச பிறகு 6 இன்ச், எட்டுக்குப் பத்து கட்டம், 48-க்கு 60 இன்ச் போர்வை.

ஆனா முதல் 12 கட்டம் போச்சு. விறைப்பா இருக்கு, தைக்க சுகமா இருக்குன்னு துவைக்காமலே தச்சுட்டேன். சாட்ஸ்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு ஆயா, சட்டை ஃபேக்டரியில பல வருஷம் தச்சவங்க, வந்து ஒரு கட்டத்தைத் தடவிப் பாத்துட்டு "என்னா கண்ணு, கழுவாமயா தச்ச? மொதத் தண்ணியில கலரு போவும், ரெண்டாந் தண்ணியில கஞ்சி போவும், அப்புறந்தான் அது துணி"ன்னாங்க. ஒரு கட்டத்தை மட்டும் தண்ணியில போட்டுக் காயவச்சுப் பாத்தேன், ஷ்வேஷ்வே சுருங்கிடுச்சு, வேட்டி ஏற்கனவே சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்குனது, அது அப்படியே நிக்குது, அப்பளம் பொரிஞ்ச மாதிரி கட்டம் முழுக்க மேடு பள்ளம். ஆயாவும் நானும் உக்காந்து 12-ஐயும் பிரிச்சோம், ஒரு மத்தியானம் முழுக்க ஆச்சு, ஃபேக்டரியில பீஸ் ரேட்டுக்கு காலர் தச்ச கதை எல்லாம் அன்னிக்குத்தான் கேட்டேன். அப்புறம் மிச்சத் துண்டுங்களைத் தலையணை உறையில போட்டு வாயைக் கட்டிப் பச்சைத் தண்ணியில ஊறவச்சேன், வாளித் தண்ணி சொட்டு நீலம் பாட்டில் கொட்டுன மாதிரி ஆச்சு, மூணு தண்ணி மாத்துன பிறகுதான் தெளிஞ்சுது. சிவப்பைத் தனியா ஊறவையுங்க. ஓரம் கொஞ்சம் பிசிறும், அந்த நஷ்டம் பரவாயில்ல. காயவச்சு லேசா ஸ்ப்ரே கஞ்சி அடிச்சு இஸ்திரி போட்டா பழைய விறைப்பு பாதி திரும்பிடும். 14 நம்பர் ஊசி போட்டேன், எட்டு கட்டத்துக்கு ஒண்ணா மாத்துனேன்.

அடுத்தது குயில்ட் போடறது, அதாவது எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைக்கிறது. கையால போட எனக்கு ரொம்ப ஆசை, ஆனா இதுல மேல்துணி, வேட்டி, நடுவுல பஞ்சு, அடியில பின்துணின்னு நாலு அடுக்கு, போதாததுக்கு ரெண்டு இன்ச்சுக்கு ஒரு தையல் மடிப்பு, ஊசி இறங்கவே மாட்டேங்குது, விரல் நுனி பழுத்துடுச்சு. அதனால வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒண்ணா நகர்த்துற மெஷின் பாதம்) மாட்டி கருநீலத் துண்டோட ரெண்டு ஓரத்துலயும் மடிப்புக்குள்ளயே மெஷின்ல ஓட்டுனேன், வைரத்துக்குள்ள இன்னொரு சின்ன வைரம், அதுக்கு நடுவுல மட்டும் தடிப்பான பேர்ல் காட்டன் நூல்ல கையால ஒரு முடிச்சு. பஞ்சு பாக்கெட்லயே எவ்வளவு இடைவெளிக்கு ஒரு தையல் வேணும்னு போட்டிருக்கும், அதுக்கு மேல விட்டா துவைக்கிறப்ப பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கும். டர்பன் குளிருக்கு மெல்லிசு காட்டன் பஞ்சே போதும், ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கிறவங்க கொஞ்சம் தடிப்பா எடுங்க.

மூட்டைக்கு அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அந்தக் கடையிலயே அப்ப ஒரு மீட்டர் 95 ரேண்ட், 180 ரேண்டுக்கு ரெண்டு மீட்டர்கூட வராது, எனக்கு இந்த மூட்டையில முழுப் போர்வை வந்து பாதித் துணிக்கு மேல இன்னும் மிச்சம். கலர் நாலு வாட்டி துவைச்சும் மங்கல, வெள்ளைப் புள்ளி வெள்ளையாவே இருக்கு, கை பட்டா பழைய பருத்திப் புடவை மாதிரி மெத்துனு இருக்கு. ஒண்ணரை மார்க் குறைச்சது அந்தப் பாலியெஸ்டருக்கும் பிரிச்சுப் பாக்க விடாததுக்கும்தான். போன வாரம் போனப்ப கருநீலம் மட்டும் தனியா நிறுத்துக் குடுப்பீங்களான்னு கேட்டேன், செவ்வாய்க்கிழமை காலையில வந்தா கட்டறதுக்கு முன்னாடியே எடுத்து வைக்கிறேன்னு கவுண்டர்ல இருந்த பையன் சொல்லியிருக்கான், தீப்பெட்டியோட போறேன்.