தண்ணீர் தெறிக்கலாம், திரவம் படக்கூடாது: இரண்டு வருடத்தை நெருங்கும் ஒரு போன்

சித்தி மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, உங்க போன் மாடல் விலை குறைஞ்சு 16,999க்கு வந்திருக்கு. வாங்கலாமா?" இதே போனை நான் 2023 ஆயுத பூஜை சமயத்தில் 24,999 கொடுத்து வாங்கினேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் பழைய கோபமெல்லாம் கிளம்பி வந்துவிட்டது.

கேமரா, பிராசசர், ராம் பற்றியெல்லாம் ஆயிரம் வீடியோ இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று பேட்டரி, இன்னொன்று தண்ணீர்.

பேட்டரி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. வாங்கி இரண்டு மாதம் ஆவதற்குள், 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் கிடையாது. வீட்டிலிருந்த மற்ற இரண்டு போன்களும் முதல் நாள் ராத்திரியே கண்ணை மூடிவிட்டன. இது மட்டும் பெரும்பாலும் ஏரோபிளேன் மோடில், அவ்வப்போது டார்ச்சாக, சிக்னல் எட்டிப் பார்த்தபோது ஊருக்கு "நல்லா இருக்கோம்" சொல்வதற்காக, மூன்றாம் நாள் காலை வரை தாக்குப் பிடித்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இன்றைக்கும் காலையில் சார்ஜரை எடுத்தால் மறுநாள் மதியம்தான் திரும்பச் செருகுகிறேன். இதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து தண்ணீர். இந்த போனின் விளம்பரத்தில் ஒரு பெண் மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டே பேசுவார், திரையில் துளிகள் முத்து முத்தாக உருளும். பெட்டியின் பின்பக்கம் ஐபி54 என்று போட்டிருந்தது. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள், முக்கிக் குளிப்பாட்டலாம் என்று அல்ல. சரி, எனக்கு அவ்வளவு போதும்.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் காலை அலாரத்தை நிறுத்த எடுத்தபோது திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு பச்சைக் கோடு. இதிலிருக்கும் ஓஎல்இடி வகைத் திரைகளில் இது பல பேருக்கு வந்த வியாதிதான். ஒரு வருட வாரன்டியில் பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்ததால் கவலைப்படாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

நல்ல ஏசி, டோக்கன் முறை, மரியாதையான பிள்ளைகள். உள்ளே எடுத்துக்கொண்டு போய் நாற்பது நிமிடம் கழித்து ஜாப் ஷீட்டை, அதாவது சோதித்த விவரச் சீட்டைக் கொடுத்தார்கள். 'லிக்விட் டேமேஜ். வாரன்டி பொருந்தாது.' டிஸ்ப்ளே 8,900, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 10,502 ரூபாய். சிம் தட்டு போகும் துளைக்குள் ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் நிறம் மாறிவிடும். என்னுடையது இளஞ்சிவப்பாக இருந்தது. காட்டினார்கள், நானும் பார்த்தேன்.

"தண்ணியில விழுந்துச்சா சார்?"

"இல்லை."

அது உண்மை. ஆனால் நியாயமாகப் பேசுவதென்றால் இதையும் சொல்ல வேண்டும்: மிக்ஜாமின் இரண்டாம் நாள் இந்த போனைப் பால் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை தண்ணீரில் நடந்து போனேன். விழவில்லை, மூழ்கவில்லை. ஈரம் பட்டிருக்கலாம். அதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிய போன் இது.

என் கேள்வி எளிமையானது. ஸ்டிக்கரில் ஈரம் பட்டது என்பதற்கு ஸ்டிக்கர் சாட்சி. அந்த ஈரம் சிம் துளையைத் தாண்டி உள்ளே போய் டிஸ்ப்ளே இணைப்பை அரித்தது என்பதற்கு எது சாட்சி? "உள்ளே துரு பிடித்திருக்கிறதா, ஒரு போட்டோ காட்டுங்கள்" என்றேன். கவுன்டரில் இருந்த பெண் சிஸ்டத்தைப் பார்த்தே பதில் சொன்னார்: "பாலிசி சார்." கொஞ்சம் சூடாகிவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். அப்போது ஒரு பையன் டம்ளரில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அந்த இடத்தில், அந்த நேரத்தில், தண்ணீர்!

போனை ரிப்பேர் செய்யாமல் திரும்ப வாங்கினேன். ஜாப் ஷீட்டை விடவில்லை. அதில் தேதி, போனின் அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண், அவர்கள் சொன்ன காரணம் மூன்றும் இருக்கின்றனவா என்று நின்று சரிபார்த்தேன். கடை பில்லை வீட்டில் தேடி எடுத்தால், அது வெறும் வெள்ளைத் தாள். தெர்மல் பிரின்ட், பத்து மாதத்தில் எழுத்தெல்லாம் ஆவியாகிவிட்டிருந்தது. நல்லவேளையாகக் கடைக்காரர் என் போன் நம்பரை வைத்து மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்.

நடுவில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் ஒரு நடை போய் வந்தேன். "அண்ணா, 3,500க்கு முடிச்சுடலாம், ஆனா அது இன்செல், மலிவான எல்சிடி வகை. டிஸ்ப்ளேல விரல் வச்சுத் திறக்கிறது வேலை செய்யாது. ஓஎல்இடி வேணும்னா ஏழாயிரம்" என்றார் ஒரு பையன். சர்வீஸ் சென்டர் நாற்பது நிமிடத்தில் சொல்லாத அளவு விவரத்தை அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னார். ஆனால் வெளியே கழற்றினால் வாரன்டி சண்டையில் என் பக்கம் ஒன்றுமே மிஞ்சாது என்பதால் திரும்பிவிட்டேன்.

அப்புறம் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். அவர்களால் யாருக்கும் உத்தரவு போட முடியாது, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஜாப் ஷீட்டில் இருந்த அதே வாக்கியம், கூட ஒரு 'அன்பான வாடிக்கையாளரே'.

அந்த 'அன்பான' என்ற சொல்தான் என்னை ராத்திரி பன்னிரண்டு மணி வரை சட்டம் படிக்க வைத்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நான் நினைத்ததைவிட வழி இருந்தது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ சம்பவம் நடந்த ஊரையோ பார்க்க வேண்டியிருந்தது, இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இப்போது இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அந்தச் செலவை முதலில் நம்மைக் கட்டச் சொல்வார்கள். சோதனை தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்திலும் தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடுவை நம்பி லீவு போடாதீர்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு வாரன்டியில் கையை விரிப்பது இங்கே மட்டும் நடக்கும் கதை இல்லை. 2020 நவம்பரில் இத்தாலியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் இதற்காகவே ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. ஆஸ்திரேலியாவில் நீச்சல் குளத்திலும் கடலிலும் போனை வைத்துக்கொண்டு இருப்பதாகக் காட்டிய விளம்பரங்களுக்காக 2022இல் சாம்சங் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்ட வேண்டிவந்தது. (என் போன் இந்த இரண்டு பேருடையதும் அல்ல.) நம் சட்டத்திலும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை பத்து லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

எனவே நானே ஒரு நோட்டீஸ் எழுதினேன். ஒன்றரைப் பக்கம், திட்டு கிடையாது. (முதல் வரைவில் இருந்தது. மனைவி அடித்துவிட்டாள்.) மூன்று விஷயம் மட்டும் கேட்டேன். உள்ளே அரிப்பு இருப்பதைக் காட்டும் படம் எங்கே? ஈரத்தால்தான் கோடு வந்தது என்று சோதித்த அறிக்கை எங்கே? ஐபி54 என்று விற்றுவிட்டு எந்தத் திரவமும் கூடாது என்றால் விளம்பரத்தில் அந்தப் பெண்ணின் மேல் பெய்தது என்ன? பதினைந்து நாள் கெடு வைத்து நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் கடைக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் செலவு ஒரு பிரியாணிக்கும் குறைவு.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "சார், ஸ்பெஷல் கேஸா, குட்வில் அடிப்படையில டிஸ்ப்ளே ஃப்ரீயா மாத்தித் தர்றோம்." என் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. எழுத்தில் கொடுங்கள் என்றேன். வந்த மின்னஞ்சலிலும் 'நல்லெண்ணம்'தான். என் பணத்தில் வாங்கிய பொருளை வாரன்டிக்குள் சரிசெய்வது அவர்களுடைய கொடையாம். அன்றைக்கு நான் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போன் வேண்டியிருந்தது, அடுத்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மாற்றிய திரை நன்றாக இருக்கிறது, நிறம் பழையதைவிடத் தேவலை என்றுகூடச் சொல்வேன். ஆனால் விரல் வைத்தால் மூன்றாவது முறைதான் திறக்கிறது. மாற்றிய பாகத்துக்குத் தொண்ணூறு நாள் வாரன்டி, அது எப்போதோ முடிந்துவிட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார்கள், குரலைத் தாழ்த்தி: "ஒருதடவை ஓபன் பண்ணிட்டோம் சார், இனிமே தண்ணி தாங்கும்னு சொல்ல முடியாது." ஆக, மழைச் சாரலுக்கு அஞ்ச வேண்டாம் என்று வாங்கிய போனை இப்போது தூறல் போட்டாலே ஜிப் கவருக்குள் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

சித்தி மகனுக்கு இவ்வளவையும் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். பேட்டரி அபாரம், கேமரா இந்த விலைக்கு அதிகம், சாஃப்ட்வேர் தொந்தரவு இல்லை, ஸ்பீக்கர் அம்மாவுக்கே கேட்கிறது, வாங்காதே.

"எல்லா கம்பெனி வாரன்டியிலயும் தண்ணி பட்டா கிடையாதுங்கிற இதே லைன்தானே அண்ணா இருக்கு?" என்றான்.

இருக்கிறது. இருந்தாலும் வாங்காதே என்றேன்.

நேற்று வாங்கிவிட்டானாம், வேளச்சேரியில் ஒரு கடையில். பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.