எக்ஸ்ரேயா, ஊதிப் பார்க்கும் டெஸ்டா, நோட்டுப் புத்தகமா? வேலைத் தூசி இருமலுக்கு எது உதவும்

சித்தப்பாவின் நெஞ்சை ஒன்றரை வருடத்தில் மூன்று முறை எக்ஸ்ரே எடுத்தோம். மூன்று முறையும் "கிளியர்" என்று வந்தது. சித்தி ஒவ்வொரு முறையும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஆனால் இரவு இரண்டு மணியானால் அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, இழுத்து இழுத்து இருமுவது மட்டும் நிற்கவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது பலரைப் போல அவரும் வெளி வேலைக்குப் போனார். இப்போது ரப்பர் பலகையில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில், பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கும் சேண்டிங் பகுதியில் இருக்கிறார். அடுத்த தடுப்பில் வார்னிஷ் அடிக்கிறார்கள். வேலை முடிந்து வரும்போது புருவம்கூட மஞ்சள் மாவு பூசியதுபோல் இருக்கும்.

அவரை அழைத்துக்கொண்டு அலைந்ததில் நான் புரிந்துகொண்டது ஒன்று. நுரையீரலைப் பார்க்கும் ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம் கேட்காத கேள்விக்கு வந்த பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதனால்தான் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்ரே. நுரையீரலின் உருவத்தில் ஏதாவது மாறியிருந்தால் அது காட்டும். காசநோயின் புண், நிமோனியா, கட்டி, தழும்பு எல்லாம் படத்தில் விழும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் முதல் வேலை. காசநோய் என்று தெரிந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்து. விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

கல் தூசிக்கும் எக்ஸ்ரேதான். கருங்கல் உடைப்பவர்கள், மணல் பீய்ச்சித் துரு எடுப்பவர்கள், சமையலறை மேடைக்கல் அறுப்பவர்கள் மூச்சோடு சிலிக்காவை இழுக்கிறார்கள். அது நுரையீரலின் மேல்பகுதியில் சிறுசிறு முடிச்சுகளாகத் தழும்பு போடும். சிலிக்கோசிஸ் என்பது இதுதான். வழக்கமாகப் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் படத்தில் தெரியும். வேலையை விட்ட பிறகும் வளரலாம். தழும்பை அழிக்கும் மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் ஆபத்தும் இவர்களுக்குக் கூடுதல். நம் பையன்கள் நிறையப் பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய் மேடைக்கல் அறுக்கிறார்கள். தொழிற்சாலையில் செய்யும் செயற்கைக் கல்லில் சில வகைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா. அந்தத் தூசியில் சில வருடங்களிலேயே நோய் வருகிறது என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. தண்ணீர் விடாமல் அறுக்கும் இடத்தில் உங்கள் மகன் இருந்தால் இன்றே பேசுங்கள்.

ஆனால் சித்தப்பாவுக்கு இருந்தது வேறு. மரத்தூள், வார்னிஷ் ஆவி, பஞ்சு, மாவு, கையுறையின் ரப்பர்ப் பால் பவுடர் போன்றவை சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். இது தொழில்வழி ஆஸ்துமா. வயது வந்தவர்களின் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேலையோடு தொடர்புடையது என்று மதிப்பிடுகிறார்கள். இந்தச் சுருக்கம் எக்ஸ்ரேயில் விழாது. மூன்று படமும் பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியுமே என்று சிலர் சொல்வார்கள். ஆரம்பக் கட்டத் தழும்பை அது எக்ஸ்ரேயைவிட நன்றாகக் காட்டும், உண்மைதான். ஆனால் சாதாரண நெஞ்சு சி.டி.யின் கதிர்வீச்சு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டாம்.

அப்புறம், ஊதும் டெஸ்ட். ஸ்பைரோமெட்ரி என்பார்கள். மூக்கைக் கிளிப்பால் அடைத்துவிட்டு, மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் வேகமாகத் தொடங்கி, அடுப்பு ஊதும் ஊதாங்குழலில் ஊதுவதுபோல் குறைந்தது ஆறு நொடி நீட்டி ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று கருவி கணக்குப் போடும். குழாய் சுருங்கியிருந்தால் முதல் நொடிக் காற்று குறையும். நுரையீரல் தழும்பால் இறுகியிருந்தால் மொத்தமே குறையும். பிறகு குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடிக் காற்று 12 விழுக்காடும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. பெரிதாகக் கூடாமல், முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட அடைப்பு. சிகரெட்டும், காலமெல்லாம் விறகடுப்புப் புகையும், வேலைத் தூசியும் அதைக் கொண்டுவரும்.

எக்ஸ்ரேயைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதற்கும் ஒரு குறை இருக்கிறது. அது அந்த ஒரு மணி நேரத்து நுரையீரலை மட்டும் பார்க்கிறது. சித்தப்பா அப்பாயின்மென்டுக்காக லீவு போட்டு, முதல் நாளும் ஓய்வில் இருந்துவிட்டுப் போனார். நன்றாகவே ஊதினார். முடிவு ஏறக்குறைய நார்மல். "மனசுதான்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவரை எவ்வளவு உடைத்தது என்று எனக்குத் தெரியும்.

நோட்டுப் புத்தகம்

திருப்பம் ஒரு கேள்வியில் வந்தது. அரசாங்க கிளினிக்கில் ஓர் இளம் டாக்டர், மலாய்ப் பெண், எங்கள் தமிழ் கலந்த மலாயைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்சிக் (மாமா), சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலை மூடினார்களே, அப்போது இருமல் எப்படி இருந்தது?" என்றார்.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்தார். "அந்த வாரம் இவரு நல்லா தூங்கினாரு, தம்பி" என்றார் சித்தி.

பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி, தினமும் ஊதி, எண்ணை நோட்டில் எழுதி வரச் சொன்னார் டாக்டர். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும் அது, கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழாய். பக்கத்தில் எண்கள், ஒரு சிவப்பு முள். ஈப்போ மருந்துக்கடையில் நூறு வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவாகக் கிடைத்தது. மின்சாரமோ தாதியோ வேண்டாம். இதில் நீட்டி ஊதக் கூடாது. நின்றுகொண்டு, உதட்டை இறுக்கி, ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். ஒரு நாளில் குறைந்தது நான்கு வேளை: எழுந்ததும், வேலை நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன்பும். ஒவ்வொரு வேளையும் மூன்று ஊது ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். வேலை நாள்கள் இரண்டு வாரம், வேலை இல்லாத நாள்கள் முடிந்தால் இன்னொரு இரண்டு வாரம் என்று சேர்ந்தால்தான் படம் தெளிவாகும். அந்தக் காலத்தில் மருந்தின் அளவை மாற்றக் கூடாது. புகைமூட்டம், சளிக்காய்ச்சல் வந்தால் அதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

சித்தி எழுதினார். பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, வேலை நாளுக்கு நீலம், லீவு நாளுக்குச் சிவப்பு. திங்கள் காலை 360. சனி மாலை 270. அடுத்த ஞாயிறு ஒரே நாளில் பெரிதாக ஏறவில்லை, அது எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. நாள்பட்ட வீக்கம் ஒரு நாளில் இறங்காது என்று டாக்டர் சொன்னார். அப்புறம் அடுத்த சீனப் பெருநாள் வந்தது, தொழிற்சாலையை ஒன்பது நாள் மூடினார்கள். நான்காம் நாள் 400. ஒன்பதாம் நாள் 430. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மாலை 300.

ஒரே நாளுக்குள் ஏற்ற இறக்கம் சராசரியாக 10 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆஸ்துமா என்று சந்தேகிக்கலாம். ஆனால் சித்தப்பாவின் நோட்டில் அதைவிட முக்கியமானது நீலத்துக்கும் சிவப்புக்கும் இருந்த பள்ளம். ஒரு வருடமாக எங்களைத் திசைதிருப்பியதும் இதில் விளங்கியது. வேலைத் தூசிக்கு உடல் சில நேரம் நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் எதிர்ப்புக் காட்டும். பகலில் இழுத்த தூள் இரவில் இருமலாகிறது. வீட்டில்தானே இருமுகிறார் என்று பாயை மாற்றினோம், சாம்பிராணியை நிறுத்தினோம், பூனையைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினோம்.

நோட்டின் குறையையும் சொல்ல வேண்டும். முழு மூச்சோடு ஊதாவிட்டால் எண் பொய்யாகும். மறந்த நாளுக்குக் கற்பனையாக எழுதினால் எல்லாம் வீண். சிலிக்கோசிஸை, காசநோயை, கட்டியை இது காட்டவே காட்டாது. ஆகவே கல் தூசி என்றால் எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும். மரத்தூள், மாவு, பெயிண்ட் ஆவி என்று சந்தேகம் என்றால், ஒரே ஒரு நல்ல எக்ஸ்ரே எடுத்து மற்றதை விலக்கிவிட்டு, மீதிக் காசுக்கு மீட்டர் வாங்குங்கள். என் தேர்வு இதுதான்.

சிரப், நீல பம்ப், தடுப்பு பம்ப்

தொழிற்சாலை ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்கில் கிடைத்தது இருமல் சிரப், ஆன்டிபயாட்டிக், இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு. இரண்டு நாளில் கொஞ்சம் குறையும். மருந்து கேட்டது என்று நினைத்தோம். இப்போது பார்த்தால், கேட்டது அந்த எம்.சி.தான்.

நீல பம்ப், அதாவது சால்புட்டமால் இன்ஹேலர், சில நிமிடத்தில் குழாயை விரிக்கும். நான்கு மணி நேரம்போல் தாங்கும். கைமேல் பலன் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அடியில் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா, 2019 முதல் நீல பம்பை மட்டும் வைத்துச் சமாளிப்பதைப் பரிந்துரைப்பதில்லை. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு பம்ப். நாள்கள், வாரங்கள் ஆகும். விட்டுவிட்டால் பலன் போய்விடும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பலர் தூக்கி வைத்துவிடுகிறார்கள். மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்றால், பம்பின் ஓர் அழுத்தம் 200 மைக்ரோகிராம், அதாவது அதில் இருநூறில் ஒரு பங்கு. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் தொண்டைக் கரகரப்பும் குறையும்.

மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே கொடுக்கும் 'கேஸ்' வைத்தால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமாத் தாக்குதலில், ஸ்பேசர் குழாய் மாட்டிய பம்பும் அதே அளவு உதவும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நீல பம்ப் அடித்தும் தணியாவிட்டால், அப்போது ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் 999-க்கு அழையுங்கள்.

முகமூடியா, இடமாற்றமா?

துணி கட்டிக்கொள்வதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். என்95 முகத்தில் இறுகப் பொருந்தினால் நுண்தூசியில் 95 விழுக்காட்டைத் தடுக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வார்னிஷ் ஆவியை அது தடுக்காது, அதற்குக் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும். தூள் பறக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் குழாய் இதைவிட நல்லது. ஆனால் ஒருமுறை உடல் அந்தப் பொருளுக்குப் பகையாகிவிட்டால் துளி அளவுகூடப் போதும். அதனால் ஆஸ்துமா உறுதியானவருக்கு இடமாற்றம்தான் சரியான பதில், அதுவும் சீக்கிரமாக. தூசியை விட்டு விலகினாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அறிகுறி முழுதாக மறைகிறது. தாமதமாக விலகினால் அந்த வாய்ப்பும் குறையும்.

இங்கே ஒரு சிக்கல். மூச்சு ஆபத்தான நிலையில் இல்லையென்றால், நோட்டு எழுதி முடிக்கும் முன்பே கோபத்தில் வேலையை விட்டுவிடாதீர்கள். விட்டபின் நீல நாள்கள் கிடையாது, வேலையால்தான் வந்தது என்று காட்டுவது கஷ்டம். சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில்வழி நோய்க்கும் நஷ்ட ஈடு தருகிறது. அதற்கு இந்த ஆதாரம் வேண்டும். தொழில் நோய் என்று கண்டுபிடிக்கும் டாக்டர் ஏழு நாளுக்குள் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டு விதிமுறை. தயங்காமல் கேளுங்கள்.

எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பேனல் கிளினிக் அவசரத்துக்கு. நாள்பட்டதற்கு அரசாங்க கிளினிக், ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கி ஸ்பெஷலிஸ்டிடம். காத்திருப்பு நீளம்தான், ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் கொடுத்தவர்கள் எங்களுக்கு அங்கேதான் கிடைத்தார்கள்.

சித்தப்பா இப்போது பேக்கிங் பகுதியில். மூன்றாம் மாதம் காலை எண் 410. இரவில் ஒரு தடவை எழுகிறார், அது இருமலுக்கு இல்லை. சேண்டிங்கில் அவர் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார், வங்காளதேசத்துப் பையன். பெர்கேசோ பாதுகாப்பு 2019 முதல் அவனுக்கும் உண்டு என்று சித்தப்பாவே அவனிடம் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த இருமல் இருந்தால், சீனப் பெருநாள் மூடலுக்கு இரண்டு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள். சித்தப்பாவின் தொழிற்சாலையில் வருடத்தில் வேறு எந்த லீவும் அவ்வளவு நீளம் வராது.