விட்பிக்குத் தனியாகப் போகிறவர்களே, வாசல் சாவிப் பெட்டியை நம்பி 236 பவுண்டு கட்டாதீர்கள்

236 பவுண்டு. இரண்டு இரவு, ஒரு ஆள், ஒரு அறை. அந்த அறையின் கதவைக்கூடப் பார்க்கவில்லை, பணம் மட்டும் முழுசாகப் போய்விட்டது. "தங்குமிடம் மறுத்துவிட்டது, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று, பதிவு செய்த ஆப்பிடமிருந்து கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களில் வாரக்கடைசிக்குத் தனியாக யார்க்‌ஷர் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். படித்துவிட்டுப் போங்கள்.

இடம் விட்பி. வெஸ்ட் கிளிஃப் பக்கம் பழைய மாடி வீடுகளை அறை அறையாகப் பிரித்து நடத்துகிற சின்ன கெஸ்ட் ஹவுஸ்களில் ஒன்று. பதிவு செய்தது, எல்லார் போனிலும் இருக்கிற மாதிரியான ஒரு பெரிய ஆப்பில். பெயர் கேட்காதீர்கள், போடமாட்டேன்.

முதலில் விலை. இந்த மாதிரி ஊர்களில் ஒற்றை அறை என்பதே அபூர்வம். ஒருவர் என்று போட்டுத் தேடினாலும் இரண்டு பேர் அறைதான் வரும், விலையும் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கானதுதான். வாரக்கடைசி என்றால் குறைந்தது இரண்டு இரவு எடுக்கச் சொல்வார்கள். 118 வீதம் இரண்டு இரவு, 236. கொஞ்சம் மலிவாகக் காட்டுகிற விலை எல்லாமே "ரத்து செய்தால் பணம் திரும்பாது" வகை.

அடுத்தது செக்-இன் நேரம். மாலை 4 முதல் 6 வரை என்று போட்டிருந்தது. இந்த வீடுகளில் ரிசப்ஷன் கிடையாது. சமைப்பது, படுக்கை விரிப்பது, கதவு திறப்பது எல்லாம் ஒரே ஆள். விட்பிக்கு வருகிற வழியோ அந்த நேரத்துக்கு ஒத்துவராது. ஸ்கார்பரோவிலிருந்து வந்த கடற்கரை ரயில் பாதையை 1965-லேயே மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக வரும் பாதை ஒன்றுதான். ஒன்றரை மணி நேரப் பயணம், நாளைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு ரயில்கள், பாட்டர்ஸ்பியில் நின்று ரயிலே திசை திரும்பிப் புறப்படும். லீட்ஸ், யார்க்கிலிருந்து நேர் ரயில் இல்லை; பிக்கரிங் வழியாக மூர்நிலம் கடந்து வரும் 840 பேருந்துதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்புகிற எவரும் 6 மணிக்குள் அந்த வாசலில் நிற்க முடியாது.

அதனால்தான் பதிவு செய்யும்போதே வருகை நேரம் இரவு 8 முதல் 9 என்று குறித்தேன். போதாதென்று சாட்டிலும் தனியாகக் கேட்டேன். வந்த பதில்: "ஒரு பிரச்சினையும் இல்லை. வாசலில் சாவிப் பெட்டி இருக்கிறது, எண்ணை அன்று மாலை அனுப்புகிறோம். பத்திரமாக வாருங்கள்." இதைவிட என்ன உறுதி வேண்டும்? எழுத்தில் இருக்கிறது, ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியைத் திறக்கும் எண்ணும் சொன்னபடி வந்தது.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் கறுப்பு ரப்பர் மூடி. தூக்கினால் எண் பொத்தான்கள். இந்தப் பெட்டியில் முதலில் 'கிளியர்' குமிழைக் கீழே இழுத்து விட வேண்டும், பிறகு எண்களை அழுத்தி, திறக்கும் குமிழைத் தள்ள வேண்டும். திறந்தது. உள்ளே அறை எண் எழுதிய பிளாஸ்டிக் பட்டை கிடந்தது. சாவி இல்லை.

ஆப்பில் இருந்த தொடர்பு எண் அந்த வீட்டு லேண்ட்லைன். அழைத்தால் இருட்டான வீட்டுக்குள் மணி அடிப்பது கதவுக்கு வெளியே கேட்டது. எடுக்க ஆளில்லை. ஆப்பின் உதவி எண்ணில் முதலில் இயந்திரம், பிறகு பாட்டு, பிறகு ஒருவர்: "தங்குமிடத்தைத் தொடர்புகொள்ள முயல்கிறோம், காத்திருங்கள்." எங்கே காத்திருப்பது? இரண்டு பேராக வந்தால் ஒருவர் பையோடு நிற்க, இன்னொருவர் இடம் தேடலாம். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு கைபர் பாஸ் என்கிற சரிவுத் தெருவில் துறைமுகம் வரை இறங்கி, ஒரு பப்பின் மாடியில் அறை கேட்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவு தனி, இந்த 236-இல் சேராது.

மறுநாள் காலை ஆப்பில் பதிவின் நிலை மாறியிருந்தது: நோ-ஷோ. அதாவது விருந்தாளி வரவே இல்லையாம்!

அதன் பிறகு பந்தாட்டம்தான். வீட்டுக்காரர்: "சாவி வைத்தோம், நீங்கள் எண்ணைத் தப்பாக அழுத்தியிருப்பீர்கள். பணம் ஆப்பிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்." ஆப்: "பணத்தை எடுத்தது தங்குமிடம், அவர்கள் சம்மதித்தால்தான் திருப்ப முடியும்." காலிச் சாவிப் பெட்டியின் படத்தை அனுப்பினால், "48 மணி நேரத்தில் பதில் வரும்." அது கடந்தால் வேறு ஒருவர், மறுபடி முதலிலிருந்து விவரம். கடைசியில் ஆப் ஆள் ஒருவர், ஆன்லைனில் வாங்கியதை ரத்து செய்யும் 14 நாள் உரிமை தேதி குறித்த தங்குமிடத்துக்குப் பொருந்தாது என்று சட்டம் சொல்லிக் கொடுத்தார். அது உண்மைதான். ஆனால் நான் எதையும் ரத்து செய்யவில்லையே! காசு வாங்கிய சேவையை அவர்கள் கொடுக்கவில்லை, இது வேறு விஷயம். 'வரவில்லை' என்று குறித்தால் வீட்டுக்காரருக்கு 236 பவுண்டு, ஆப்புக்கு அதில் பங்கு. 'சாவி வைக்கவில்லை' என்று ஒப்புக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. யார் எதைக் குறிப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. தனியாகப் போனால், இருட்டிய பிறகு சேர்வதாக இருந்தால், ரிசப்ஷனில் ஆள் இருக்கிற ஹோட்டலோ, கீழே பப் திறந்திருக்கிற அறையோ எடுங்கள். சாவிப் பெட்டி என்றால் கிளம்பும் முன்பே ஒரு கைபேசி எண் வாங்கி, அழைத்துப் பேசிப் பாருங்கள். லேண்ட்லைன் மட்டும் கொடுக்கிற இடம் வேண்டாம். வாசலில் சிக்கல் என்றால் அப்போதே படம், வீடியோ, அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே இரவில் ஆப் சாட்டில் "வந்துவிட்டேன், வாசலில் நிற்கிறேன், சாவி இல்லை" என்று எழுதிப் போடுங்கள். நோ-ஷோ என்பதை உடைக்க அந்த நேர முத்திரைதான் ஆதாரம்.

டெபிட் கார்டு வேண்டாம். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் கட்டினால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். ஆனால் ஸ்டேட்மென்டில் யார் பெயர் வந்திருக்கிறது என்று பாருங்கள். கெஸ்ட் ஹவுஸ் பெயர் என்றால் வழி நேராக இருக்கும். ஆப்பின் பெயர் என்றால் "ஒப்பந்தம் அவர்களோடு இல்லை" என்று மறுக்க இடம் உண்டு, அப்போது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்ப இழுக்கிற முறை, கேளுங்கள். அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. ஆப்பின் "48 மணி நேரம்" எல்லாம் அதைத்தான் தின்கிறது. இலவச ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. கோர்ட் என்றால் 300 பவுண்டு வரையான கோரிக்கைக்கு 35 பவுண்டு கட்டணம், ஆன்லைனிலேயே போடலாம்.

236 பவுண்டுக்கு சார்ஜ்பேக் படிவம் இன்றே போட்டாயிற்று. யாருக்காவது இந்த நோ-ஷோ வேலை நடந்து பணம் திரும்ப வந்திருந்தால், வங்கியிடம் என்ன காரணம் எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.