அம்மாவிடம் அந்த நர்ஸ் கேட்ட கேள்வி

மூன்று வருடம் கழித்து மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கொல்லைக் கொடியில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்த துண்டுகள் காய்ந்தன. யார் கண்ணிலும் படாமலிருக்க மேலே ஒரு போர்வை. கல்யாணம், கோயில் என்று எங்கேயும் போவதை அம்மா நிறுத்தியே ரொம்ப நாளாம். "வயசானா இப்படித்தாண்டி" என்றாள். சிங்கப்பூரிலிருந்து வாராவாரம் போனில் பேசியும், அம்மாவுக்குச் சிறுநீர் கசிவது எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, சரியாக விசாரிக்காமலே சிறுநீர்க் குழாய் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கிருமி தொற்றிக் காய்ச்சல். காய்ச்சல் என்பது மட்டும்தான் எனக்கு வந்த சேதி. வெறும் கசிவுக்குக் குழாயா? நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் திட்டம். அதில்தான் அம்மாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு நர்ஸ் வந்தார். அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இருமினா, தும்மினா போகுதாம்மா? இல்ல, வருதுன்னு எழுந்து போறதுக்குள்ளயே போகுதா?"

"ரெண்டும்தான்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

முதலாவது இடுப்படித் தசை தளர்வதால், இரண்டாவது சிறுநீர்ப்பை நிறையுமுன்பே சுருங்குவதால் என்று பொறுமையாகச் சொன்னார். காற்றை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். எட்டு முறை, தினம் மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். அப்புறம், எத்தனை மணிக்குப் போனாள், எப்போது நனைந்தது என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னார். பயந்து தண்ணீரைக் குறைத்திருந்தாள் அம்மா. சிறுநீர் கெட்டியானால் எரிச்சலும் அவசரமும் கூடும் என்றார். மாத்திரை அட்டைகளைப் புரட்டியவர், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையை ராத்திரி போடுவதைக் கண்டுபிடித்து, டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து ராத்திரி எழுவது குறைந்தது.

நான் திரும்பும்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தும்மினால் இன்னும் கசிகிறது. தாளில் மட்டும், ஒரு மணி நேர இடைவெளி ஒன்றரையாகியிருக்கிறது.

நேற்று போனில் அம்மா சொன்னாள்: பக்கத்து வீட்டுச் சித்தி மெதுவாக வந்து கேட்டாளாம், அந்த நர்ஸம்மா மறுபடி எப்ப வருவாங்கன்னு.