மஞ்சப்பை வாங்கினேன், ஆச்சி சோதித்தார்

காரைக்குடி பேருந்து நிலையம் பக்கம் நெகிழி ஒழிப்பு மேசை போட்டோம். கொடுப்பதற்காக உள்ளூர்த் தையல்கடை ஒன்றில் 100 மஞ்சப்பை வாங்கியிருந்தேன். துணி கெட்டி, சாயமும் போகவில்லை. கைப்பிடிதான் சொதப்பல். துண்டறிக்கையைத் தொடாத ஆச்சி ஒருவர் பையை மட்டும் வாங்கி வெடுக்கென்று இழுத்தார். கைப்பிடியின் ஒரு முனை கையோடு வந்துவிட்டது.

"ஒத்தைத் தையல் போட்டிருக்கான். இதுல அஞ்சு கிலோ அரிசி தாங்குமாப்பா? பெருக்கல் குறி மாதிரி குறுக்கே அடிக்கச் சொல்லு."

நெகிழிப் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை என்று நான் மனப்பாடம் செய்த பேச்சு தொண்டையிலேயே நின்றது. "ஓலைக் கொட்டான்ல பலகாரம் கொடுத்து விட்டவ நான், எனக்கா சொல்றே?" என்று வேறு கேட்டார்.

கடைக்காரர் காசு வாங்காமல் எல்லாவற்றையும் மறுபடி அடித்துத் தந்தார். சரி, ஆனால் நான்கு நாள் இழுத்தடித்தார். அங்கே வாங்கினால் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.