ஒன்பது வருடம், நாலு கம்பு

சிலம்பம் கற்கச் சேர்ந்தபோது ஆசான் சொன்ன கணக்கு ஒன்றுதான்: தரையில் ஊன்றினால் கம்பு நெற்றி வரை வர வேண்டும். எனக்கு அது ஐந்தரை அடி. என்ன கம்பு என்று நான் கேட்கவில்லை. வார்னிஷ் அடித்துப் பளபளத்த மூங்கில் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். மூன்றே மாதம். எதிராளியைக் கம்பால் தொட முயலும் தொடுமுறைப் பயிற்சியில் ஒரு வீச்சைத் தடுத்தபோது நீளவாக்கில் பிளந்து, சிராய் உள்ளங்கையில் ஏறிவிட்டது. உள்ளே பெரிய ஓட்டை, சுற்றுச்சுவர் மெலிசு. அறுத்த முனையைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அப்புறம் கல்மூங்கில். உள்ளே அநேகமாகக் கெட்டி, கனமும் அதிகம். முதல் மாதம் மணிக்கட்டு கெஞ்சியது. ஆனால் வீச்சில் வேகம் வந்தது இதில்தான். இதற்கு எதிரி வண்டு. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் அது வருகிறது. வெட்டிய கம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்துபோகும். ஆசான் ஊறப்போடச் சொன்னதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு கோடையில் கம்பின் அடியில் மாவு கொட்டிக் கிடந்தது.

இடையில் கராத்தே பழகும் நண்பரிடமிருந்து ஓக் மரத்து 'போ' ஒன்று வந்தது. ஒகினாவாக் கம்பு, ஆறு அடி. குத்துக்கும் தடுப்புக்கும் அருமை. நம் சுழற்சிக்கு விறைப்பு அதிகம். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாலும் அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

நிலைத்தது பிரம்புதான். பனைக் குடும்பத்துக் கொடி இது. உள்ளே ஓட்டையே கிடையாது, முழுக்க நார். அடி வாங்கினால் மூங்கில் மாதிரிப் பிளக்காது, நுனி நார்நாராகப் பிரியும், அவ்வளவுதான். வளைந்து கொடுப்பதால் மோதலின் அதிர்ச்சி முழங்கை வரை ஏறுவதில்லை. ஜோடி சேர்ந்து ஆடுகிறவர்கள் யோசிக்காமல் இதையே வாங்கலாம். மூங்கிலைவிட விலை கூடத்தான். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். தணலில் வாட்டி நிமிர்த்தலாம், ஆனால் படுக்கவைத்து விட்டால் அந்த வேலையே இல்லை. மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறேன்.

பிரிந்த நுனியை அறுத்து அறுத்து, ஆறு வருடத்தில் இந்தப் பிரம்பு என் புருவத்துக்கு இறங்கிவிட்டது. தம்பி மகனுக்கு இப்போது நெற்றி அளவு. கேட்டுக்கொண்டிருக்கிறான்; இன்னும் கொடுக்கவில்லை.