அடலிமுமாப் ஊசி: பத்து மாதம் போட்டுப் பார்த்த பிறகு

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறேன். சீப்புச் சீடைக்கு மாவைப் பட்டையாகப் பிழிந்து, ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி, ஓரத்தை ஒட்டி உருவி எடுக்க வேண்டும். முடக்குவாதம் வந்த மூன்றாம் வருஷம் அந்த விரலே மடங்கவில்லை. ஊரில் சரவாங்கி என்பார்கள். நாலு மணிக்கு எழுந்தால் ஆறு மணி வரை கை கட்டையாக இருக்கும். வாரம் ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் போதவில்லை என்று மதுரை மூட்டு டாக்டர் இந்த ஊசியையும் சேர்த்து எழுதினார். 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. பல கம்பெனிகள் செய்கின்றன. நான் எழுதுவது மருந்தைப் பற்றி.

பெட்டிக்குள் இருந்த தாளில் ‘ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்’ என்று படித்ததும் மருமகள் பதறிப்போய், “அத்தை, இது கேன்சர் மருந்தா?” என்றாள். இல்லை. 1975இல் நியூயார்க்கில், எலிகளுக்கு வந்த கட்டியை அழித்த பொருள் என்று வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. சுருக்கமாக டிஎன்எஃப். இது ஒரு சைட்டோகைன். உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி. கிருமி வந்தால் இந்தச் சேதி போயே ஆகவேண்டும். எனக்கோ கிருமி இல்லாமலே மூட்டுச் சவ்வுக்குள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. சவ்வு வீங்கி, பக்கத்து எலும்பையும் அரித்துவிடும். லண்டனில் ஆராய்ச்சியாளர்கள் மார்க் ஃபெல்ட்மானும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், இந்த ஒன்றைத் தடுத்தால் மற்ற சைட்டோகைன்களும் அடங்கும் என்று கண்டு, 1992இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கொடுத்தது வேறு மருந்து, ஆனால் என் ஊசியும் டிஎன்எஃப்பைத் தடுக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடலிமுமாப் 2002 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014இல் இந்தியத் தயாரிப்பு வந்தது. அதனால்தான் என் கைக்கு எட்டியது. இன்றும் பலகார லாபத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது.

முதல் ஊசிக்கு முன்னால் டாக்டர் காசநோய்ச் சோதனை செய்யச் சொன்னார். எனக்கு இருமல்கூடக் கிடையாது, எதற்கு என்று கேட்டேன். “பெரிய வீட்டுப் பின்கட்டு அறையில் பாம்பை அடைத்துவிட்டு வாசலில் காவலுக்கு ஆள் போட்ட மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தக் காவலாள் டிஎன்எஃப். ஊசி அவரை அனுப்பிவிடும்” என்றார். நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்கள் சுவர்போலக் கூடி நிற்குமாம்; டிஎன்எஃப் இல்லாவிட்டால் அந்தச் சுவர் தளர்ந்துவிடும். முழங்கைக்குக் கீழே போட்ட மான்டூ ஊசி மூன்றாம் நாள் 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது; கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். என் சின்ன வயதில் எங்கள் அப்பாவுக்குக் காசநோய் இருந்தது, அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எக்ஸ்ரே சுத்தம். ஆனாலும் காசநோய்க் கிருமிக்கான ஐசோனியசிட் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்ட பிறகே முதல் ஊசி. மாத்திரை அதற்கப்புறமும் தொடர்ந்தது. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள். மஞ்சள்காமாலை பி சோதனையும் அப்படித்தான்.

அடுத்தது குளிர்ச்சி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஒரு முறை கூரியரில் வந்த பெட்டியைத் திறந்தால் ஐஸ் பை வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பி, சண்டை போட்டு, பதினெட்டு நாள் தாமதம்; விரல்கள் மறுபடி இறுகிவிட்டன. இப்போது செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வாங்குகிறேன். கடைக்காரர் ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானி வைத்திருக்கிறார், கேட்டால் திறந்து காட்டுகிறார். மின்தடை அறிவிப்பு வந்தால், “இன்றைக்கு வாங்காதீர்கள் ஆச்சி, நாளைக்கு வாங்க” என்று அவரே போன் செய்கிறார்.

குறை ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கை மூட்டு நோயாளிக்கென்று வரும் ஊசியின் மூடி இவ்வளவு இறுக்கமாகவா இருப்பது? அழுத்தும் தண்டின் தலையும் பொத்தான் அளவுதான். முதல் நாலு மாதம் மருமகள்தான் என் தொடையில் போட்டுவிட்டாள். அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறைவு.

பலன்? நாலாவது ஊசிக்குப் பிறகு, காலை இறுக்கம் இரண்டு மணி நேரத்திலிருந்து கால் மணிக்கு வந்தது. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தச் சோதனை இஎஸ்ஆர் 68 இருந்தது 22 ஆனது. ஏற்கெனவே கோணிய வலது நடுவிரல் நிமிரவில்லை, நிமிராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஐப்பசியில் காய்ச்சல் வந்தபோது அவரைக் கேட்டு ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டேன். தீபாவளிக்கு முப்பது கிலோ சீப்புச் சீடை போட்டேன், சுற்றியது ஆள்காட்டி விரலில்.